லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இணையம் நொடியில் பதில் சொல்லிவிடும்: சுமார் 8,200 கி.மீ. பூமி உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு அது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 9 மணி நேரம் வருகிறது. ஆனால் நேரடி விமானமே பத்தரை, பதினோரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது!

காரணம் பெரும்பாலும் காற்றுதான். விமானம் பறக்கும் உயரத்தில் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும், அதனால் திரும்பும் நேரம் குறைவு. போர் நடக்கும் நாடுகளைச் சுற்றிக்கொண்டு போனால் தூரமும் கூடும்.

கடிகாரம் வேறு ஏமாற்றும். லண்டன் நேரம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்கு இறங்குவதாக இருந்தால், ஆறே மணி நேரம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு.

இதெல்லாம் வானத்துக் கணக்கு. பயணம் தொடங்குவது வீட்டு வாசலில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரம்தான். எதிரிலேயே விமான நிலையம். விழுப்புரத்துக்காரர் அதே விமானத்தைப் பிடிக்க முதல் நாள் இரவே கிளம்ப வேண்டும். இருவருக்கும் இணையம் சொல்லும் தூரம் ஒன்றேதான்.

இந்தக் கணக்கு இனி தாம்பரத்துக்கும் மாறலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்கிறது அரசு. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பரந்தூருக்குப் போய்விட்டால், வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் என்று சாலை வழியே சுமார் 50 கி.மீ. போக வேண்டும். பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது, சரி. தாம்பரத்துக்காரர் முதலில் பூந்தமல்லி போய்ச் சேர வேண்டுமே?

லண்டன் இருந்த இடத்திலேயே இருக்கும். தென்சென்னைப் புறநகருக்கு மட்டும் அது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விடும். வயலும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் போராடுவதோடு ஒப்பிட்டால் இது சின்ன இழப்புதான். அவர்கள் கொடுக்கும் விலை எந்தத் தூரக் கணக்கிலும் வராது. விமான நிலையம் எங்கே என்று முடிவு செய்கிறவர்கள் ஓடுபாதையின் நீளத்தோடு, அங்கே யார் வீடு இருக்கிறது, அங்கே போக எந்த ரயில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ரயிலைப் பற்றி யோசிப்பது நம் ஊரில் பழகிப்போன தவறு.