போகியில் போட்ட கிரீடம்

அந்த வருஷப் போகிக்கு எங்கள் தெருவில் எரிக்கப் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. கும்பாபிஷேகத்துக்காகத் திரௌபதி அம்மன் கோயிலின் பின்னறையை ஒழித்தபோது ஒரு மரப்பெட்டி வெளியே வந்தது. உள்ளே கூத்துக் கட்டைகள்: கிரீடம், புஜக்கீர்த்தி, மார்பதக்கம். கல்யாண முருங்கையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் காக்காப்பொன்னும் ஒட்டியவை. கரையான் ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் கிரீடங்களில் இரண்டு நன்றாகவே இருந்தன. கிழிந்த பாயோடும் பழைய முறத்தோடும் சேர்த்துக் கொளுத்தினோம். லேசான மரம், குபீரென்று பிடித்துக்கொண்டது. பையன்கள் போகி மேளம் கொட்டினார்கள். நாங்கள் குளிர் காய்ந்தோம்.

'நாங்கள்' என்பது ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒளிந்துகொள்ள அல்ல. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய, படித்த, பென்ஷன் வாங்குகிற அல்லது வாங்கப்போகிற ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கமிட்டியும் நாங்கள்தான்.

எங்கள் ஊர்க் கூத்து தொழில்முறை ஜமா அல்ல. ஏர் ஓட்டியவர், தச்சர், பால் ஊற்றியவர், பிற்பாடு ஆலைக்குப் போனவர் எல்லோரும் கோடையில் பாரதம் வைக்கும்போது மட்டும் வேஷம் கட்டுவார்கள். கூலி கிடையாது, வேண்டுதல். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்துக்கு மேல் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. இரண்டு மாதம் முன்பே ஒத்திகை ஆரம்பித்துவிடும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாத்தியார் பாட்டை அடி அடியாகச் சொல்லிக்கொடுப்பார். களரியின் பின்னால் பெஞ்சில் முகவீணை, ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், தாளம். கட்டியங்காரன் வந்து ஊர் வம்பையெல்லாம் கிண்டலடித்து முடித்ததும் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். துரியோதனன் அதன் பின்னால் நின்றே பாடுவான். கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேல் ஆடும். மைக் இல்லாத காலம். ஐந்து கட்டையில் எடுத்தால்தான் கடைசி வரிசையில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்காரும்.

கூத்து ஏன் நின்றது என்று கேட்டால் எங்களிடம் பதில் தயார். சினிமா வந்தது, டிவி வந்தது, ஆலை வந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965இல் வெளியே வந்தது. அம்பத்தூர் சைக்கிள் கம்பெனி அதற்கும் முந்தியது. நைட் ஷிப்ட் போகிறவன் விடிய விடிய எப்படி ஆடுவான் என்போம். ஆனால் ஆடினார்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். காதோரம் அரிதாரம் மிச்சமிருக்க, காலையில் ஆலை கேட்டில் போய் நின்ற பாஞ்சாலியைப் பற்றி அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நிறுத்தியது நாங்கள். 'ராத்திரி பூரா என்ன கத்தல்' என்றோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றோம். பதினெட்டு நாள் பத்தாயிற்று, பத்து மூன்றாயிற்று, அப்புறம் அர்ச்சுனன் தபசு மட்டும். அந்த ஒரு இரவிலும் ஒரு வருஷம் திரைகட்டிப் படம் போட்டோம், மறு வருஷம் மெல்லிசைக் கச்சேரி. கச்சேரிக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். வேஷக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு துண்டுகூடப் போர்த்தவில்லை.

அதே சினிமாவும் டிவியும்தான் கூத்துக்குப் பேர்போன புரிசைக் கிராமத்துக்கும் போயின. கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் கூத்தை விடவில்லை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நகரத்து நடிகர்களுக்கும் அங்கிருந்துதான் கூத்து வந்தது. காஞ்சிபுரம் பக்கம் பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றவர்களும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள், 2002இல் குருகுலம் வைத்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, எங்களுக்கு வேண்டுதல்தானே என்று தப்பிக்கப் பார்ப்போம். 1891இல் சுகுண விலாச சபையை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியாருக்கும் நாடகம் பிழைப்பு அல்ல. வக்கீலாக இருந்தார், நீதிபதியானார். ஆனாலும் 'நாடக மேடை நினைவுகள்' ஆறு பாகம் எழுதிவைத்துவிட்டுப் போனார். தொழிலுக்கு ஆடாதவர்களின் கதையும் அதனால்தான் நம் கையில் இருக்கிறது.

எங்கள் ஊரில் எழுதத் தெரிந்த ஆள் இல்லாமலா போனது? பாங்க் கிளார்க் உண்டு, ஹெட்மாஸ்டர் உண்டு. எம்.ஏ. தமிழ் படித்தவர்கூட ஒருவர் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மேடை எத்தனை கோல் அகலம், எத்தனை கோல் நீளம் என்று மனப்பாடமாக எழுதிப் பாஸ் செய்தார். இரண்டு தெரு தள்ளிக் கூத்து வாத்தியார் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த எம்.ஏ. நான்தான். ஆவடிக் காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாத்தியார் போன வருஷத்தை அவர் பேத்தியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய நீள நோட்டுகள் ஏழெட்டு, ஓரத்தில் ராகமும் தாளமும் குறித்தவை, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருந்தன. "யாருமே வந்து கேக்கலியே, மாமா" என்றாள்.

இன்னொன்று சொல்லக் கூசுகிறது. மிருதங்கம் வாசித்தவர் காலனிக்காரர். அவர் கை விழாமல் பீமன் ஓர் அடி வைக்க மாட்டான். காப்பி மட்டும் அவருக்குத் தனி டம்ளரில். அவர் தெருப் பிள்ளைகள் தாங்களே இரணியன் கூத்து கற்று, கோயில் மைதானத்தைக் கேட்டார்கள். இந்த வருஷம் வேண்டாம் என்றோம். அடுத்த வருஷமும் அதையே சொன்னோம். மூன்றாவது வருஷம் அவர்கள் கேட்கவில்லை. கலை அழிந்துவிட்டது என்று மேடையில் பேசும்போது இதை மட்டும் விழுங்கிவிடுகிறோம்.

அந்த மிருதங்கக்காரர் இன்னும் இருக்கிறார். போன மாதம் இரண்டு பேர் போனோம். காது மந்தம், விரல் மட்டும் நிற்கவில்லை. கர்ண மோட்சத்துக்குக் கட்டில் சட்டத்திலேயே வாசித்துக் காட்டினார். பாட்டு எங்களுக்குத் தெரியவில்லை. "பாட்டெல்லாம் வாத்தியார் நோட்ல இருக்குது சார், எடுத்துப் பாருங்க" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே பரணில் ஏறிப் பாருங்கள். நீள நோட்டோ, கண்ணாடி ஒட்டிய கட்டையோ இருந்தால் போகிக்கு முன்னால் இறக்கி வைத்துவிடுங்கள்.