பழைய கம்ப்யூட்டரைக் கொல்வது யார்?

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் பழைய டிரங்க் ரோடில் கூடும் சந்தையை இந்த வட்டாரத்துத் தொழிலாளிகள் எல்லோரும் அறிவார்கள். பூச்செடியும் புறாவும் பழைய கட்டிலும் விற்கும் அதே தெருவில், தார்ப்பாய் விரித்துக் கம்ப்யூட்டர்களையும் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய மானிட்டர்கள், கீபோர்டுகள், மதர்போர்டுகள், ஒயர்க் குவியல்கள். உத்தரவாதம் கிடையாது. ஆயினும் மகளின் படிப்புக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று வருகிற தொழிலாளி அங்கேதான் குந்தி உட்கார்ந்து பொறுக்கிப் பார்க்கிறார். புதிது வாங்க அவரிடம் பணமில்லை.

அவருக்கு முதலில் சில வார்த்தைகள். தறியையும் பம்புசெட்டையும் அறிந்தவருக்கு இந்த மெஷின் பெரிய புதிரல்ல. பழைய கம்ப்யூட்டர் நொண்டினால் பெரும்பாலும் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, ராமை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக்கினால், நிமிஷக் கணக்கில் விழித்த மெஷின் விநாடிக் கணக்கில் விழிக்கும். மதர்போர்டில் கண்டன்சர்களின் தலை உப்பியிருந்தால் வாங்காதீர்கள். லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தால் தொடவே தொடாதீர்கள், தீப்பிடிக்கும். கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டாதவருக்கு உதிரிச் சாமான் விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

ஆனால் கண்டன்சரும் ஹார்ட் டிஸ்க்கும் கெட்டு மடிகிற கம்ப்யூட்டர்களைவிட, கெடாமலே சாகடிக்கப்படுகிறவை அல்லவா நம்மைக் கோபப்படுத்துகின்றன! 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2026 அக்டோபர் வரை என்று ஒரு தவணை அறிவித்தது, அதுவும் நிபந்தனைகளோடு. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. மெஷினில் ஒரு திருகும் தேயவில்லை. தறி நன்றாக ஓடுகிறது, நூல் தர மாட்டேன் என்கிறார் முதலாளி!

இதற்கு மாற்று நம் ஊரிலேயே உண்டு. மக்கள் பணத்தில் இயங்கும் சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. விலை கிடையாது, தமிழிலும் இயங்கும். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மெஷின்களிலும் அது இருந்தது. அதைத் திறந்து காட்டி உபயோகிக்கச் சொல்லிக் கொடுத்த பள்ளிகள் எத்தனை என்று எந்தப் பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, ராமையாவது கூட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் வேலி. மெல்லிய புது லேப்டாப்கள் பலவற்றில் ராமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கிய அன்று இருப்பதே ஆயுளுக்கும். கழற்றி மாட்டும் ராமோ விலையேறிவிட்டது. உலக ராம் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில். செயற்கை அறிவுக்கான ராட்சத டேட்டா சென்டர்கள் சரக்கை வாரிக்கொள்ள, 2025 இறுதியில் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரிலேயே, சாதாரண ஜனங்கள் வாங்கும் க்ருஷியல் ராம் வியாபாரத்தை மூடுவதாக மைக்ரான் அறிவித்தது. குஜராத் சனந்தில் 275 கோடி டாலர் மதிப்பில் ஆலை கட்டுவதாக 2023-ல் அறிவித்ததும் இதே கம்பெனிதான். அந்தச் செலவில் 50 சதவிகிதம் மத்திய சர்க்காரும் 20 சதவிகிதம் மாநில சர்க்காரும் தருவதாக ஒப்புக்கொண்டன. பத்து ரூபாயில் ஏழு ரூபாய் நம்முடையது, சில்லறைக் கடையில் சரக்கு மட்டும் நமக்கில்லை!

பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் இலாகா 2022 ஜூலையில் கமிட்டி போட்டது. டிசம்பர் 24-ல் இணையத்தில் ஒரு போர்ட்டல் திறந்தது. விவரம் தெரிந்துகொள்ள உதவும், மறுக்கவில்லை. ஆனால் போர்ட்டல் சட்டமாகாது. பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப் விற்கும்போதே, அதை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் காட்ட வேண்டும் என்பது சட்டம். இங்கே ஏன் முடியாது?

உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கையேட்டையும், சொந்த சர்வீஸ் சென்டருக்கு மட்டுமல்ல, தெருமுனை மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் கொடுக்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கில் வாங்குகிற மாநில சர்க்காருக்கு பேரம் பேசும் பலம் இருக்கிறது. இனி வரும் டெண்டர்களில் ராமும் பேட்டரியும் கழற்றி மாற்றக் கூடியவையாக இருக்க வேண்டும், பத்தாண்டுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். சர்க்கார் ஆபீஸ்கள் கழிக்கும் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போடாமல் ஐடிஐகளுக்கு அனுப்பட்டும். அங்கே பயிலும் பிள்ளைகள் பழுது நீக்கி, லினக்ஸ் ஏற்றி, பல்லாவரம், தாம்பரம் பக்கத்துச் சர்க்கார் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்கலாம். இதற்குப் புது ஆலை வேண்டாம். ஒரு சர்க்கார் உத்தரவு போதும்.