உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழியைச் சொல்லியே விவசாயிகளில் பலர் கணக்கு எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். உழக்கும் மிஞ்சவில்லை என்றால், அது எந்த வழியில் போயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

இதற்கு ஏற்ற சாதனம் எக்ஸெல் போன்ற கணக்குத்தாள். கைபேசியிலேயே கட்டணமின்றிப் பயன்படுத்த கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. இது ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு உரியது என்று சிறு விவசாயிகள் ஒதுங்குவது சரியல்ல. கட்டம் போட்ட பேரேடுதான் இது; கூட்டல், பெருக்கலைத் தானே செய்து கொள்ளும்.

முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் வேலை அல்லது இடுபொருள், மூன்றாவதில் ஆட்கள் அல்லது அளவு, நான்காவதில் கூலி அல்லது விலை என்று எழுத வேண்டும். ஆண், பெண் கூலி வேறுபட்டால் தனித்தனி வரி போடலாம். ஐந்தாவது பத்தியில் சமக்குறி இட்டு, மூன்றாவது கட்டத்தைத் தொட்டு, நட்சத்திரக் குறி போட்டு, நான்காவது கட்டத்தைத் தொட்டால் தொகை வந்துவிடும். அங்கே நட்சத்திரக் குறிதான் பெருக்கல் குறி.

டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 1979-ல் விசிகால்க் என்ற கணக்குத்தாளை வெளியிட்டார்கள். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமே மாறுவதே அதன் சிறப்பு. விவசாயிக்கும் இதுவே பெரிய பயன்.

எடுத்துக்காட்டாக, ஒரு ஏக்கர் நெல்லுக்குக் கையிலிருந்து ரூ.24,000 செலவாகி, 20 குவிண்டால் விளைந்தால், குவிண்டாலுக்குச் செலவு ரூ.1,200. கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்த 20 ஆள் நாட்களுக்கு ரூ.400 வீதம் ரூ.8,000 சேர்த்தால் அது ரூ.1,600 ஆகிறது. விளைச்சல் 16 குவிண்டாலாகக் குறைந்தால் ரூ.2,000. ஒரே கட்டத்தில் 20-ஐ 16 ஆக மாற்றினால் இது உடனே தெரிந்துவிடும்.

குடும்ப உழைப்பை விட்டுவிடுவதுதான் நம் விவசாயிகள் செய்யும் பெரிய தவறு. குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும் என்று 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அந்தச் செலவில் குடும்ப உழைப்பின் மதிப்பு சேர்க்கப்படுகிறது. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு சேர்வதில்லை. அரசே கணக்கில் சேர்க்கும் உழைப்பை, உழைத்தவர் தம் கணக்கில் விட்டுவிடுவது என்ன நியாயம்? விலை கட்டவில்லை என்று வாதாடுவோர் கையிலும் எழுதிய கணக்கு இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கட்டத்தில் "500 ரூபாய்" என்று எழுதக்கூடாது. வெறும் 500 என்றே எழுத வேண்டும். எழுத்து கலந்தால் கூட்டலில் அந்தத் தொகை விட்டுப்போகும். கடைசி வரிக்குக் கீழே புதிய செலவைச் சேர்த்தால், கூட்டல் அதுவரை நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறான எண்ணைப் போட்டால் தவறான விடைதான் வரும். எனவே வயலில் சிறு நோட்டில் எழுதி, இரவில் ஏற்றுவது நல்லது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் மூலம் திரையில் வரவு செலவைக் காட்டுகிறார்கள். வண்ணப் படங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவது பங்குதாரருக்கு அழகல்ல. அந்தப் படத்துக்கு ஆதாரமான கணக்குத்தாளைக் காட்டும்படி கேட்க வேண்டும். தாமே கணக்கு எழுதிப் பழகியவருக்குத்தான் எந்த எண்ணைக் கேட்பது என்று தெரியும்.

இதைக் கற்க நெடுநாள் பயிற்சி தேவையில்லை. பள்ளி, கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இரண்டு மாலைகளில் சொல்லித் தந்துவிடலாம். எண்களைச் சொல்ல வேண்டியவர் மட்டும் விவசாயிதான். வரும் பருவத்துக்கு விதை வாங்கும் அன்றே முதல் வரியை எழுதத் தொடங்கலாம்.