காயத்தோடு ஓடச் சொல்லாதீர்கள்

 

இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடிந்து, கோட்டம், வலயம், மாகாணம் என்று பிள்ளைகள் அலையும் காலம் இது. இந்த நேரத்தில் ஒரு விடயத்தை நாம் எல்லோரும் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. காயம்பட்ட ஒரு பிள்ளை போட்டியிலிருந்து விலகினால் நம்மவர்கள் பேசும் பேச்சுத்தான் அது. "பயந்திட்டாள்", "நடிக்கிறான்", "ஒரு சுளுக்குக்கு இவ்வளவோ?" என்று மைதானத்து ஓரத்தில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே வீங்கிய காலில் பந்தேஜைச் சுற்றிக்கொண்டு ஓடிய பிள்ளைகளையும் ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு உதாரணம் வரும்: டைகர் வூட்ஸ். நம் குடாநாட்டில் கொல்ஃப் திடல் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் அவர் 2008இல் கால் எலும்பில் வெடிப்போடும் முழங்காலில் அறுந்த தசைநாரோடும் விளையாடி அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற கதை வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். கதையின் மீதிப் பாதி வருவதில்லை. அந்த வெற்றியோடு அவர் சத்திரசிகிச்சைக்குப் போனார். அந்த ஆண்டின் மற்றப் போட்டிகள் எல்லாம் போயின. அதே மனிதர் 2023 மாஸ்டர்ஸ் போட்டியில் பாத வலி தாங்க முடியாமல் நடுவிலேயே விலகினார். அவரைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டைகர் வூட்ஸுக்கு உலகத்தின் சிறந்த வைத்தியர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, எத்தனை மாதமும் ஓய்வெடுக்கும் வசதி இருந்தது. நம் பிள்ளைக்கு இருப்பது பஸ் காசும், வெளிநோயாளர் பிரிவில் காலையிலிருந்து நிற்கும் வரிசையும்தான். தொழில்முறை வீரர் காயத்தோடு விளையாடினால் அதற்கான விலையைக் கொடுக்க அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. காசுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடும் பிள்ளைக்கு அந்த விலையைத் தாயும் தகப்பனும்தான் கொடுக்க வேண்டும். ஆகவே தொழில்முறை வீரரை விட நம் பிள்ளை முந்தி விலக வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

விலகியவர் முடிந்துபோனவர் அல்லர் என்பதற்கு நீரஜ் சோப்ரா சாட்சி. 2022 ஜூலையில் உலக மெய்வல்லுநர் போட்டியில் ஈட்டி எறிதலில் வெள்ளி வென்றபோது அவருக்குத் தொடை இடுக்கில் காயம். சில நாட்களில் தொடங்கவிருந்த பொதுநலவாயப் போட்டியில் இந்தியாவின் கொடியை ஏந்த வேண்டியவர் அவர். விலகினார். ஒரு மாதத்தில் திரும்பி வந்து லொசானில் 89.08 மீற்றர் எறிந்தார். அடுத்த ஆண்டு உலகச் சம்பியன் ஆனார்.

சீனாவின் லியு சியாங்குக்கு நடந்தது வேறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சொந்த மக்கள் முன்னால், குதிகால் நரம்புக் காயத்தால் தடைதாண்டல் ஓட்டத்தைத் தொடங்க முடியாமல் வெளியேறினார். அதற்காக அவரை ஏசியவர்களும் உண்டு. 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார், அதே நரம்பு அறுந்தது. ஒற்றைக் காலால் துள்ளித் துள்ளி எல்லை வரை போனார். பிறகு அவர் போட்டிகளில் ஓடவே இல்லை.

"ஆனால் சேர், எங்கட பிள்ளைக்கு இது கடைசி வருசம்" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. வயதெல்லை தாண்டினால் வாய்ப்பு இல்லை. தேசிய மட்டச் சான்றிதழ் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு உதவும். வசதியில்லாத வீட்டுக்கு அது ஒரு ஏணி. இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வளரும் வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே பட்ட காயத்தைக் கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். வலைப்பந்து போலப் பாய்ந்து இறங்கும் விளையாட்டுகளில் முழங்கால் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். சான்றிதழ் கிடைத்து முழங்கால் போனால், அந்த ஏணியில் ஏறுவது எப்படி?

யாழ் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். ஆசியப் போட்டியில் தங்கம் வந்தது 1958இல், தோக்கியோவில். 1962இலும் வெள்ளி வென்றார். பத்து ஆண்டுகள் பாய்ந்த கால்கள் அவை. விளையாட்டு வாழ்க்கை ஒரு வலயப் போட்டியோடு முடிவதில்லை.

நம் மார்க்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. நோயாளி நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். நிற்க முடியாதவர் இருந்து தொழலாம். உடம்பு அமானிதம் என்று சொல்லிக்கொடுக்கும் நாமே, ஒரு கிண்ணத்துக்காக அந்த அமானிதத்தைப் பாழாக்கச் சொல்லலாமா?

நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில. ஓடலாமா இல்லையா என்பதை வைத்தியரும் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். பயிற்றுநரோ, இல்லப் பொறுப்பாசிரியரோ, பழைய மாணவர் சங்கமோ அல்ல. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பதில் வீரர் ஒருவரைத் தயார்ப்படுத்தி வைப்போம். அப்போது "நீ இல்லாட்டி நாங்கள் தோத்திடுவம்" என்ற பாரம் ஒரே பிள்ளையின் தலையில் விழாது. புதிதாக வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ தலைசுற்றோ வந்த பிள்ளையை அன்று மீண்டும் இறக்கவே கூடாது. சர்வதேசக் கிரிக்கெட்டிலேயே தலையில் அடிபட்டவருக்குப் பதில் வீரரை இறக்க 2019 முதல் அனுமதி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. விலகிய பிள்ளையை வீட்டில் மூலையில் இருக்க விடாதீர்கள். மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள், நேரம் குறிக்கவோ தம்பி தங்கையருக்குச் சொல்லிக்கொடுக்கவோ ஒரு வேலை கொடுங்கள். இல்லத்தின் பெயர் வாசிக்கும்போது அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து வாசிப்போம். அடுத்த வருடம் எந்தப் பிள்ளையாவது "சேர், கால் நோகுது, என்னால ஏலாது" என்று வந்து சொன்னால், முதலில் "நல்ல வேளை சொன்னாய்" என்று சொல்லப் பழகுவோம். இன்ஷா அல்லாஹ்.