மீற்றருக்கு முத்திரை யார் குத்துவது?

எமது கடைத் தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்த வேண்டும். தவறினால் தண்டம். இதில் எமக்கு மனக்குறை இல்லை. நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரித்து அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கையில், சட்டம் வந்துதானா நாம் திருந்த வேண்டும்? ஆனால் அதே கடைக்கு வாடிக்கையாளர் ஏறி வரும் ஓட்டோவின் மீற்றரைச் சோதிப்பவர் யார்? சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? யாழ்ப்பாணத்தில் மீற்றர் பொருத்த வேண்டுமென்ற அறிவித்தல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்துவிட்டது. சம்பளக் கேள்விக்கு விடை காணாமல் விடும் அறிவித்தல் கடதாசியோடு நின்றுவிடும் என்பதே என் கணிப்பு.

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள், ஆக 17 மன்றங்கள். பலாலி விமான நிலையத்தில் இறங்கியவர் பட்டணம் வர இருபது கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் வலிகாமம் வடக்கு, உரும்பிராயில் வலிகாமம் கிழக்கு, திருநெல்வேலியில் நல்லூர், பின்னர் மாநகரம் என்று எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும். சவாரிக்கு எல்லை தெரியாது, தரிப்பிடத்துக்குத் தெரியும். பலாலிச் சாரதி பட்டணத்துத் தரிப்பிடத்தில் நின்று ஆள் ஏற்ற முடியாது, அங்குள்ளவர்கள் விடமாட்டார்கள். வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். ஆகவே போகவர இரண்டுக்கும் சேர்த்தே கூலி கேட்கிறார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2022இல் கியூ.ஆர். அட்டை தொடங்கியபோது ஓட்டோவுக்குக் கிடைத்தது வாரம் ஐந்து லீற்றர் பெற்றோல். அந்தக் காலத்தையும் அவர்கள்தான் தாண்டினார்கள்.

கூலிக்குப் பயந்து ஆள் வராவிட்டால் நட்டம் எமது வியாபாரத்துக்கு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எம்மவரின் பிள்ளைகள் புத்தளத்திலிருந்து வாப்பாவின் ஊரைப் பார்க்க வந்து பஸ் நிலையத்தில் இறங்கினால், சோனகத் தெருவுக்கு எவ்வளவு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போக்குவரத்து மாகாணத்தின் பொறுப்பு என்பார்கள். உண்மை. ஆயினும் 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தலே இல்லை. 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்கள் இருப்பது உள்ளூராட்சி மன்றங்களில்தான். மாகாண அதிகாரிகளின் சம்மதத்தோடு பதினேழு மன்றங்களும் சேர்ந்து ஒரே அலுவலகம் வைக்கட்டும். ஒரே பதிவு, ஒரே கட்டணம், ஒரே முறைப்பாட்டு இலக்கம்.

செலவைப் பங்கிடுவதில்தான் சண்டை வரும். எங்கள் வரிசையில் இராக் காவலாளி வைத்தபோது இதைக் கண்டோம். பெரிய கடைக்காரர் சமபங்கு என்றார். மூலையில் தையல் மெஷின் வைத்திருந்தவர், "என்னிடம் களவெடுக்க என்ன இருக்கிறது காக்கா?" என்று கேட்டார். கதவுகளை எண்ணி, கதவுக்கு இவ்வளவு என்று முடித்தோம். இங்கும் அப்படித்தான். நெடுந்தீவு பிரதேச சபையும் மாநகர சபையும் சமமாகக் கட்டுவது கூடாது. தரிப்பிடத்தில் நிற்கும் வண்டிகளை எண்ணிக் கட்டட்டும். பஸ் நிலையமும் பெரியாஸ்பத்திரியும் மாநகரத்தில் இருப்பதால் அதற்குப் பெரும் பங்கு விழும்; விழட்டும், சனம் வந்து காசு செலவழிப்பதும் அங்குதான். விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் உள்ள வலிகாமம் வடக்கும் பின்வாங்கக் கூடாது.

சாரதிகளின் பதிவுக் கட்டணத்திலேயே எல்லாவற்றையும் நடத்தலாமே என்று சிலர் சொல்வர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரேஞ்ச் என்றொரு மாவட்டம், அதில் 34 நகரங்கள். 1998 முதல் டாக்சிகளுக்குப் பொதுவாக ஓர் அலுவலகம் வைத்து, அனுமதிக் கட்டணத்தில் ஓட்டினார்கள். ஊபர் வந்தது, டாக்சிகள் குறைந்தன, கட்டணமும் வற்றியது. பிறகு நகரங்களிடமே பங்கு கேட்க வேண்டி வந்தது. இங்கும் பிக்மீ வந்துவிட்டது. தரிப்பிடத்து ஓட்டோக்காரரின் பையை மட்டும் நம்பி அலுவலகம் திறந்தால் நமக்கும் அதே கதிதான்.

மன்றங்கள் அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை வருட இறுதியில்தான் நிறைவேற்றும். அதற்கு முன் நமது வர்த்தகர்கள் தவிசாளர்களுக்கும் மாநகர முதல்வருக்கும் கடிதம் எழுத வேண்டும். ஓட்டோச் சங்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் வெறும் வண்டியில் திரும்ப விருப்பமில்லை.