பாதை மீது பழி போடுவோர்

கனடா நாட்டின் பெருநகரமான டொரொண்டோவிலே புளோர் என்றொரு வீதி. கிழக்கு மேற்காக நகரை ஊடறுத்துச் செல்லும் வீதி. இருமருங்கும் கடைகள். 2016 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அவ்வீதியின் ஓரத்தில் மிதிவண்டி செல்வதற்கென்று தனிப்பாதை வகுத்தார்கள். நீளம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். இதிலே என்ன இருக்கிறது ஏடெடுத்து எழுத, என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது தோழர்களே, நிரம்ப இருக்கிறது! எட்டாண்டுகள் கழித்து, அந்தப் பாதையைப் பெயர்த்தெறிய ஒரு மாகாண அரசே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "எங்கள் கடைகள் அழிகின்றன" என்று ஒரு சாரார். "எங்கள் உயிர் போகிறதே" என்று மற்றொரு சாரார்!

ஈழத்தில் இனக்கொடுமை தாங்காது 1983-க்குப் பின் கடல் கடந்து சென்ற தமிழர்கள் பெருந்தொகையினராக வாழும் நகரம் அது. கடை வைத்திருக்கும் தமிழரும் அங்கு உண்டு. படித்துப் பட்டம் பெற்று வேலை தேடும் தமிழ் இளைஞரும் உண்டு. எனவே அந்த வழக்கு நமக்கு அயலார் வீட்டு வழக்கன்று. அதிலே ஒரு பாடம் இருக்கிறது. எளியவனின் கண்ணீரைக் காட்டி மற்றோர் எளியவனின் உரிமையைப் பறிக்கும் தந்திரம் எப்படி நடக்கிறது என்ற பாடம்.

முதலிலே கடைக்காரரைப் பற்றிப் பேசுவோம். அவர் துயரம் பொய்யன்று. விடியுமுன் கதவைத் திறந்து, இரவு நெடுநேரம் கழித்துப் பூட்டி, வாடகைக்கும் கூலிக்கும் கடனுக்கும் போக மிச்சத்திலே குடும்பம் நடத்துபவர் அவர். கடை வாசலில் மோட்டார் வண்டி நிறுத்த இடம் போய்விட்டால் வாடிக்கையாளர் வரமாட்டாரே என்று அவர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுபவன் நம் தோழனாக இருக்க முடியாது.

அச்சத்தை மதிக்கலாம், ஆனால் அதையே அளவுகோலாகக் கொள்ளலாமா? கூடாது. அளந்து பார்க்க வேண்டும். அங்கே அளந்தும் பார்த்தார்கள். பாதை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதே புளோர் வீதியின் அனெக்ஸ் பகுதியில் ஓர் ஆய்வு நடந்து, 2009-இல் வெளிவந்தது. கடைகளுக்கு வருவோரில் மோட்டார் வண்டியில் வருபவர் எத்தனை பேர்? நூற்றுக்குப் பத்துப் பேர்தான்! எஞ்சியோர் நடந்தும், மிதிவண்டியிலும், பொதுப் போக்குவரத்திலும் வந்தவர்கள். அடிக்கடி வந்தவர்களும், திங்கள்தோறும் அதிகம் செலவிட்டவர்களும் நடந்தும் மிதிவண்டியிலும் வந்தவர்களே.

இது கடைக்காரர் கண்ணுக்குத் தப்பியது எப்படி? விந்தையில்லை. வாசலில் வந்து நிற்கும் மோட்டார் வண்டி கண்ணில் படும். நடந்து வருபவன் எப்படி வந்தான் என்று யார் கேட்கிறார்கள்? ஒரு வண்டி நிற்கும் இடத்தில் ஒருவரோ இருவரோ வந்திறங்குவர். அதே இடத்தில் மிதிவண்டிகள் பத்து நிற்கும். கணக்குப் போட்டால் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

2016-இல் பாதை வந்தபின் மீண்டும் அளந்தார்கள். மிதிவண்டியில் செல்வோர் தொகை 49 விழுக்காடு உயர்ந்தது. கடைகளுக்கு வருவோரின் வரவும் செலவும் குறையவில்லை, கூடின. மோட்டார் வண்டியினருக்குப் பயண நேரம் சில நிமிடங்கள் கூடியதும் உண்மை, அதை மறைப்பானேன்? இவையனைத்தையும் எடைபோட்டுப் பார்த்துத்தான், 2017 நவம்பரில் நகரமன்றம் அந்தப் பாதையை நிலையானதாக்கியது. அடர்ந்த நகர்ப்பகுதியில் கண்ட முடிவு, வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்த புறநகருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துப் பேச நாம் வரவில்லை. அங்கேயும் அளந்து பார், ஆராய்ந்து முடிவு செய் என்பதே நம் பேச்சு.

மாகாண அரசு என்ன செய்தது? முதல்வர் டக் ஃபோர்டு தலைமையிலான முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி அரசு, 2024 நவம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரைக் கேளுங்கள்: "நெரிசலைக் குறைத்து உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் சட்டம்"! புளோர் வீதி, யங் வீதி, யூனிவர்சிட்டி அவென்யூ ஆகிய மூன்று இடங்களின் மிதிவண்டிப் பாதைகளை அகற்ற அச்சட்டம் வழி வகுத்தது. பாதை போட்ட செலவு ஏறத்தாழ 27 மில்லியன் டாலர். பெயர்த்தெடுக்க 48 மில்லியன் டாலர் ஆகும் என்றனர் நகர அதிகாரிகள். கட்டியதைவிட இடிப்பதற்குக் கூடுதல் செலவு!

இன்னும் ஒன்று. பாதையை அகற்றுவதால் யாரேனும் அடிபட்டாலோ இறந்துபட்டாலோ அரசின்மீது வழக்குத் தொடர முடியாதபடி ஒரு விதியையும் அச்சட்டத்திலே சேர்த்தார்கள். ஆபத்தில்லை என்றால் அந்த விதி எதற்கு? ஆபத்துண்டு என்று தெரிந்தால் அந்தச் சட்டம் எதற்கு? அவ்வாண்டில் மட்டும் டொரொண்டோவின் வீதிகளில் மிதிவண்டியில் சென்றோர் ஆறு பேர் மாண்டிருந்தனர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2025 ஜூலை 30-ஆம் நாள், மாகாண உயர்நிலை நீதிமன்றத்தின் நீதிபதி பால் ஷபாஸ் தீர்ப்பளித்தார். பாதையைப் பெயர்த்தால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்றில்லை. அரசுக்கு உள்ளிருந்தே தரப்பட்ட அறிவுரையும் அப்படிச் சொல்லவில்லை. உயிருக்கும் உடலுக்கும் ஊறு விளையும் என்பதற்கோ சான்றுண்டு. ஆகவே கனடாவின் 1982 ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 7-ஆம் பிரிவுக்கு அது முரணானது என்றார் நீதிபதி. அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

அப்படியானால், கடைகளை உண்மையில் வாட்டியது எது? அதே நகரிலே எக்ளிண்டன் என்ற மற்றொரு வீதி. அதன் ஒரு பகுதிக்கு "லிட்டில் ஜமைக்கா" என்று பெயர். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கருநிற மக்கள் பாடுபட்டு வளர்த்த கடைத்தெரு. அங்கே 2011-இல் தொடர்வண்டிப் பாதை தோண்டத் தொடங்கினார்கள். 2020-இல் வண்டி ஓடும் என்றார்கள். 2024 முடியும்வரை ஓடவில்லை. ஆண்டுக்கணக்கில் வாசலிலே பள்ளம், தடுப்பு, புழுதி. கடைகள் பல மூடப்பட்டன. திட்டம் நல்ல திட்டம்தான்; பொதுமக்களுக்கு வேண்டிய திட்டம்தான். ஆனால் தாமதத்தின் விலையைத் தந்தது யார்? கடைக்காரர்! அந்தத் தாமதத்தை எந்தச் சட்டமன்றத்திலே "உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் சட்டம்" போட்டு நிறுத்தினார்கள்?

வாடகையைப் பாருங்கள். ஒண்டாரியோவில் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் வாடகை உயரலாம் என்று வரம்புண்டு. கடைக்கு அந்த வரம்பில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கட்டடக்காரர் கேட்டதுதான் வாடகை. ஓரடி வெள்ளைக் கோட்டைக் கண்டு சீறுகிறவர்கள், இந்த வரம்பில்லா வாடகையைக் கண்டு ஏன் சீறக் காணோம்? மிதிவண்டிக்காரன் எளியவன், கட்டடக்காரன் வலியவன். பழியைச் சுமக்கும் தோள் எப்போதும் எளியவனுடையதாகவே தேடப்படுகிறது.

இதே தந்திரத்தை அதே மாகாணம் முன்னொருமுறையும் கண்டிருக்கிறது. அப்போது பழி சுமந்தது பாதையன்று, வேலைவாய்ப்பு.

அகதி முகாமிலே பிறந்து, பின்னாளில் கனடாவின் உச்சநீதிமன்றம்வரை உயர்ந்தவர் ரோசலி அபெல்லா. அவர் தலைமையில் அமைந்த ஆணையம் 1984-இல் அறிக்கை தந்தது. எல்லோரையும் ஒரேவிதமாக நடத்திவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது, தடைகள் வேறுவேறாக இருக்கும்போது தடையை நீக்கும் வழியும் வேறுவேறாகவே இருக்க வேண்டும் என்றது அறிக்கை. அதையொட்டி 1986-இல் கூட்டாட்சி அரசு சட்டம் இயற்றியது. பெண்கள், தொல்குடியினர், உடற்குறையுடையோர், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் ஆகிய நால்வகையினருக்கும் வேலையில் உரிய பங்கு கிடைக்கிறதா என்று நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஒண்டாரியோவிலும் பாப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசு 1993-இல் அத்தகைய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

எழுந்தது கூச்சல்! "தகுதி போயிற்று, வணிகத்துக்குச் சுமை வந்தது" என்றனர். ஆனால் அந்தச் சட்டம் சிறுகடைக்காரரை அண்டவே இல்லை. தனியார் துறையில், ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு அது பொருந்தாது. கூட்டாட்சிச் சட்டமோ நூறு பேரோ அதற்குமேலோ உள்ள இடங்களுக்கு. மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவரின் பெயரைச் சொல்லி, மூவாயிரம் பேரை வைத்திருப்பவர் தப்பிக்கப் பார்த்த கதை அது. தப்பியும்விட்டார். 1995-இல் மைக் ஹாரிஸ் தலைமையில் ஆட்சிக்கு வந்த அதே கன்சர்வேட்டிவ் கட்சி, அந்தச் சட்டத்தை ஒழித்தது. ஒழித்த சட்டத்தின் நீண்ட பெயரிலேயே, தகுதி அடிப்படையிலான வேலைமுறையை மீண்டும் நிலைநாட்டுவதாகப் பொறித்தார்கள்.

தகுதி! நமக்கு எத்தனை பழகிய சொல்! அந்தத் தகுதி எப்படி வேலை செய்தது என்பதற்கும் அளவை உண்டு. டொரொண்டோ பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் பிலிப் ஒரியோபோலஸ் ஆயிரக்கணக்கான வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர் தாங்கிய விண்ணப்பத்தைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. 2011-இல் வெளியான ஆய்வு இது. வாசற்படி ஏறுமுன்பே பெயரைப் பார்த்துக் கதவடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் காட்டி "இவர்களே தகுதியுடையோர்" என்று கூறுவது என்ன நியாயம்?

தோழர்களே, இந்தக் கதையை நாம் முன்பே அறிவோம். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தபோதும், 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் அதைச் செயலாக்கியபோதும் கேட்ட குரல் இதுவே. அந்த ஆணை செல்லாது என்று 1951-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. தமிழகம் பொங்கி எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. கனடாவின் உரிமைச் சாசனத்திலும் அதே எண்! 15-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, தாழ்நிலையில் வைக்கப்பட்டோரை உயர்த்தும் திட்டங்கள் சமத்துவத்துக்கு முரணல்ல என்கிறது. அவர்கள் 1982-இல் எழுதியதை நாம் 1951-இலேயே எழுதவைத்தோம். பெருமைதான். ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் போதாது. நம் நாட்டில் இன்னமும் தனியார் துறை வேலைக்கு அந்த உரிமை எட்டவில்லை என்பதை மறக்கலாகாது.

வீதியைப் பொறுத்தும் வேலை மிச்சமிருக்கிறது. நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கை வகுத்தது. 2019-இல் தியாகராயர் சாலையில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அடுத்த வீதிக்கு இத்தகைய திட்டம் வரும்போது, டொரொண்டோவில் எழுந்த குரல் இங்கும் எழும். அப்போது நம் தோழர்கள் இரண்டு பிழைகளையும் செய்யக்கூடாது. கடைக்காரரை "முன்னேற்றத்தின் பகைவர்" என்று தூற்றுவது ஒரு பிழை. அவர் பெயரைச் சொல்லி வேறொருவர் நடத்தும் கூத்துக்குத் தாளம் போடுவது மற்றொரு பிழை.

செய்ய வேண்டியது என்ன? வேலை தொடங்குமுன் கடைக்கு வருவோரை எண்ணுங்கள். எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தபின் மீண்டும் எண்ணுங்கள். சரக்கு இறக்க நேரமும் இடமும் ஒதுக்கச் சொல்லுங்கள். உடற்குறையுடையோரின் வண்டி வாசல்வரை வர வழி கேளுங்கள். வேலை தாமதமானால் கடைக்காரருக்கு இழப்பீடு கேளுங்கள். நடைபாதை வணிகரை விரட்டாதிருக்க, 2014 ஆம் ஆண்டுத் தெருவணிகர் சட்டம் இருக்கிறது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடமேனும் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்களுக்கு உரியது. அவர்களில் மூன்றிலொருவர் பெண்கள். அந்தக் குழு உங்கள் ஊரில் அமைந்திருக்கிறதா, கூடுகிறதா என்று கேளுங்கள்.

வீதி பொதுச் சொத்து. வேலையும் அப்படியே. நெடுங்காலம் முழுவதையும் ஒருவனே வைத்திருந்தால், பங்கு கேட்டு வருபவன் அவன் கண்ணுக்குத் திருடனாகத் தெரிவான். பங்கு கேட்பது திருட்டன்று. கடைக்காரரையும் மிதிவண்டிக்காரரையும் வேலை கேட்கும் இளைஞரையும் மோதவிட்டு, வரம்பில்லா வாடகையும் வரம்பில்லா அலட்சியமும் மூலையில் நின்று சிரிக்கின்றன. அந்த மூவரையும் ஓரணியில் நிறுத்துவதே நம் வேலை. அந்த வேலையை நம் தெருவிலிருந்தே தொடங்குவோம்!