பத்து வயதில் ஒரு தீர்ப்பு!

தோழர்களே! தலைவிதி என்பது பொய் என்று மேடைதோறும் முழங்கினோம். ஆனால், ஐந்தாம் வகுப்புச் சிறுவனின் நெற்றியில் சிவப்பு மையால் எழுதத் துடிக்கும் புதிய பிரமனைக் கண்டீர்களா? அவன் பெயர் பொதுத்தேர்வு!

ஆரணியில் நான் ஆசிரியன். தறியோசை கேட்டுக் கண்விழிக்கும் பிள்ளைகள் என் மாணவர்கள். பின்னக் கணக்கில் ஒருநாள் தேர்வு வைத்தேன். புத்தகத்து வரிகளை எழுத்துப் பிசகாது எழுதியவன் முழு மதிப்பெண் பெற்றான். நெசவாளியின் மகனொருவன் வெறுந்தாளைத் தந்தான். அவனை அழைத்து, "ஒரு பாவில் மூன்று சேலை. ஒன்றை அறுத்தாயிற்று. மிச்சம் எத்தனை பங்கு?" என்றேன். "மூணுல ரெண்டு பங்கு, சார்!" என்றான், இமைக்கும் நேரத்தில். முழு மதிப்பெண்காரனோ விழித்தான். மதிப்பெண் ஒருவனிடம், அறிவு மற்றவனிடம்! குற்றம் சிறுவர்களுடையதன்று, வினாத்தாள் எழுதிய என்னுடையது. அதை மறுநாளே திருத்திக்கொண்டேன். எங்கோ அச்சாகி, முத்திரையிட்டு வரும் தாள், எந்தச் சிறுவனை அருகழைத்து மறுபடி கேட்கும்?

1953இல் இராசாசி ஆட்சி, பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. முன்வாசல் வழியே துரத்தியது, கொல்லைப்புறமாக எட்டிப் பார்த்தது 2019இல். கல்வி உரிமைச் சட்டத்தை மைய அரசு திருத்தியது. தமிழக அரசும் 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்றது. மூன்றாண்டுக்கு எவரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்று தேனும் தடவியது. எதிர்ப்பு மூண்டது, 2020 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஓய்ந்ததா? 2024 டிசம்பரில் மைய அரசு விதி வகுத்தது: அவ்வகுப்புகளில் தோற்றால் இரு திங்களுக்குள் மறுதேர்வு, அதிலும் தோற்றால் அதே வகுப்பு! அது மைய அரசுப் பள்ளிகளுக்கே, நமக்கில்லை என்று உறங்கலாமா?

தோற்ற பிள்ளையைப் பள்ளியை விட்டு விரட்டக் கூடாது என்கிறது சட்டம். விரட்ட வேண்டியதே இல்லையே! தம்பி வயதினரோடு கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, கடன்பட்ட தகப்பன் என்ன நினைப்பான்? "படிப்பு வரவில்லை, தறியில் உட்கார்." தீர்ந்தது! 1953இன் திட்டம் வெளிப்படையாகச் சொன்னதை, மதிப்பெண் பட்டியல் மறைமுகமாகச் செய்து முடிக்கும்.

"தேர்வில்லையேல் எழுத்தறியாதவனும் மேல்வகுப்பு ஏறுவானே!" என்பார் சிலர். கவலை நியாயமானது, மருந்துதான் தவறு. காய்ச்சலை அளக்கக் கருவி வேண்டும்; அளந்தபின் மருத்துவம் வேண்டும். காய்ச்சல் மிகுந்தவனைத் தெருவில் தள்ளுவது மருத்துவமா? பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று ஆசிரியன் நாள்தோறும் சோதிக்கட்டும். கற்பிப்பதற்காகச் சோதிக்கட்டும், கழித்துக்கட்டுவதற்காக அன்று!

இங்கிலாந்தும் 1944க்குப் பின் 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தது. தொழிலாளி மகன் பெரும்பாலும் தாழ்ந்த பக்கமே விழக் கண்டு, 1965இல் அவ்வரசே அனைவர்க்கும் பொதுவான பள்ளிக்கு மாறச் சொன்னது. அந்நாடு பட்டுத் தெளிந்ததை நாம் புதிதாய்ப் பட வேண்டுமா?

இளைஞர்களே! மாலையில் ஒரு மணி நேரம் நெசவாளர் தெருவுக்கு வாருங்கள். பின்தங்கிய பிள்ளைக்குத் துணை நில்லுங்கள். தறியின் கணக்கு வகுப்பறைக்கு வரட்டும். வகுப்பறையின் பிள்ளை மட்டும் வழிதவறித் தறிக்குழிக்குள் இறங்க வேண்டாம்!